வூஃபருக்குள் சலங்கை

என் நைனா எல்லப்பன் செத்து இருபத்தெட்டாம் நாள், கே.ஜி.கண்டிகையிலிருந்து தாயாரம்மாள் அத்தை இரண்டு பையோடு வந்து இறங்கினாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் முப்பதாம் நாள் படையலுக்கு விரல் மடக்கத் தொடங்கினாள். செத்தவருக்கு உயிரோடு இருந்தபோது எதெல்லாம் பிடித்ததோ, அதெல்லாம் அன்றைக்கு இலைக்கு முன்னால் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டு வீட்டையே சுற்றிச்சுற்றி வருவாராம். தலைக்கறிக் குழம்பு, அவித்த முட்டை, மசால் வடை, ஒரு குவார்ட்டர், ஒரு கட்டு பீடி. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, மூலையில் பழைய சேலை போட்டு மூடியிருந்த வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தாள்.

"அத்தயும் பாட வெக்கணும் அனுசுயா. எந்தம்பி சோறு இல்லாமகூட இருப்பான். அது இல்லாம இருக்க மாட்டான்."

அம்மாவுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. இருபத்தெட்டு நாளாக அதைத் திட்டாமல் ஒரு வேளை சோறு தின்றதில்லை. "பொட்டி இல்ல, பாடை" என்பாள். குப்பை வண்டியில் ஏற்றிவிட இரண்டு முறை வாசல்வரை இழுத்துக்கொண்டு போய், இரண்டு முறையும் அவளே திரும்ப இழுத்து வந்தாள்.

"வெக்கலாம் அண்ணி" என்றாள். "ஆனா ரிப்பேரு பாத்துட்டுதான் வெக்கணும். அந்த கிர்ரு சத்தத்தோட வெச்சா, அங்க போயும் அதையே கழட்டிகினு உக்காந்திருப்பாரு."

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அப்படியே அழுதாள். எனக்கு இரண்டும் வரவில்லை. அந்த கிர்ரு சத்தத்தை உள்ளே போட்டது நான். அந்தச் சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் நைனா அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். இந்த இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனா கண்டிகைக்காரர். கூலி வேலைக் குடும்பம். பதினான்கு வயதில், களை பறித்தால் முதுகு வலிக்கிறது என்று அம்மையார்குப்பத்துக்கு ஓடிப்போய் ஒரு பவர்லூம் கொட்டகையில் சேர்ந்தார். அங்கே வலிப்பதற்கு முதுகோடு காதும் சேர்ந்துகொண்டது என்று அவரே சொல்வார். அறுந்த இழையை முடிச்சுப் போடும் பையனாகச் சேர்ந்தவர், தறி ரிப்பேர் பார்க்கும் ஆளாக ஆனார். நெசவு வீட்டுப் பெண்ணான என் அம்மாவையும் அந்த ஊரிலேயே கட்டினார். நான் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் திருத்தணிக்குக் குடி வந்தோம். நான் பத்தாவதில் கணக்குப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஒரே மார்க் வாங்கி, அதோடு நிறுத்திக்கொண்டேன். நைனா மட்டும் தினமும் காலையில் பஸ் ஏறி அம்மையார்குப்பம் போய் வந்தார்.

அவருக்கு இருந்தது காது இல்லை, பொறி. கொட்டகை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உள்ளே இருபத்துநான்கு தறி ஒன்றாக ஓடும். பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. "ஆறாவது தறி. எடப்பக்கம் ஒரு போல்ட்டு லூசு" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். வேலை முடிந்ததும் தறிக்காலில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அடுத்து வருகிறவனுக்கு, எவன் எப்போது கை வைத்தான் என்று தெரிய வேண்டுமாம். எழுதப் படிக்க அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்தத் தேதிதான். எட்டு என்ற எண்ணை ஒரே இழுப்பில் போட வராது. ஒரு வட்டம், அதன் தலைமேல் இன்னொரு வட்டம், பானைமேல் சட்டி வைத்ததுபோல.

நாள் முழுக்க அத்தனை இரைச்சலில் நின்றவர் வீட்டுக்கு வந்தால் அமைதியாக இருக்க வேண்டும் என்றுதானே ஆசைப்படுவார். நைனா தலைகீழ். வீடு அமைதியாக இருந்தால் எதுவோ நின்றுபோய்விட்டது என்று எழுந்து பார்ப்பார். குழம்பில் உப்பு இல்லை என்று அவர் மெதுவாகச் சொல்வது நான்கு வீடு தாண்டிக் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆயுத பூஜைக்கு அந்த ஹோம் தியேட்டரை வாங்கி வந்தார். ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு பெரிய வூஃபர். வூஃபருக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, தறிக்குச் செய்வதை எல்லாம் செய்தார். அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் தரை நடுங்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் நிர்மலா அக்கா வீடு. அஞ்சு வீட்டு லைன், ஒரே சுவர். "எல்லப்பண்ணா, எங்கூட்டு தட்டு தானா நடந்து போவுது" என்று சிரித்துக்கொண்டுதான் முதலில் சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். ஒரு நாள் அவள் பையனுக்குக் காய்ச்சல். நைனா விஷயம் தெரியாமல் வால்யூமை ஏற்றிவிட்டார். அவள் தெருவில் நின்று, "அந்தப் பொட்டி மண்ணா போவ, பாட்டு வெக்கற கை மரத்துப் போவ" என்று கத்தினாள். தெருவே கேட்டது. மறுநாள் நைனா அந்தப் பையனுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார், அவள் எங்களுக்குக் கொழுக்கட்டை கொடுத்தாள், முடிந்துபோனது. ஆனால் கத்தியது தெருவுக்கு ஞாபகம் இருக்கும். கொழுக்கட்டை எவருக்கும் ஞாபகம் இருக்காது.

இனி என் பங்கு. இரண்டாம் தடவை ஃபெயில் ஆனதும் நைனா என் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் உப்பு ஜாடியில் ரப்பர் பல்லி வைப்பது, தெருவில் இருக்கும் எல்லாருடைய செருப்பையும் ஜோடி மாற்றி வைப்பது என்று சின்ன அளவில் தொழில் செய்துகொண்டிருந்தவள். போனுக்குப் பதிலாக எதையாவது பெரியதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறியபோது, காவடி எடுத்து ஆடிய எவருடைய கால் சலங்கையிலிருந்தோ ஒரு மணி அறுந்து படியில் கிடந்தது. சுண்டைக்காய் அளவு. எடுத்து வந்தேன். வூஃபரின் பக்கவாட்டில் காற்று வருவதற்கு ஓர் ஓட்டை இருக்கும். அதில் போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேளம் அடிக்கும் இடம் வந்ததும் பெட்டி "கிர்ர்ர்" என்றது. நைனாவின் கழுத்து கோழிக் கழுத்துபோல ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. நான் குப்புறப் படுத்துக்கொண்டு தலையணைக்குள் சிரித்தேன்.

முதல் இரண்டு வாரம் பெட்டியோடு மல்லுக்கட்டினார். கால் ரப்பரைப் பார்த்தார், முன்பக்க வலையைக் கழற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகு, பெட்டியில் ஒன்றும் இல்லை, வீட்டில்தான் எதுவோ அதிர்கிறது என்று சொல்லி வீட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் அவருக்கு அடிமை. ஷோகேஸ் கண்ணாடியைப் பிடி, பீரோ கதவில் கை வை, பரண்மேல் ஏறி அண்டாவை நகர்த்து. பாட்டை அவர் போடுவார், நான் எதையாவது கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அதிருதா?"

"இல்ல நைனா."

"நல்லா கைய வெச்சிப் பாரு. பொய் சொல்றியா?"

"நான் எதுக்கு பொய் சொல்றேன்."

"ஆங். நீ எதுக்கு சொல்லப் போற" என்பார்.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "இருவத்திநாலு தறில ஒரு போல்ட்டு லூசுன்னா கண்டுபுடிக்கற ஆளு, ஒரு பொட்டிகிட்ட தோத்துட்டாரு பாரு" என்பாள். நைனா என்னைப் பார்த்து, "அந்த ஜன்னல் கொக்கிய புடி" என்பார். இருபத்துநான்கு தறிக் காதை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவர் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். கண்டிகையில் கிணற்றுக்குள் விழுந்த கதை, முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டை ஒரே தண்ணீரில் சாயம் போன கதை. அதற்கு முன்னால் அவர் என்னிடம் பேசியது மார்க்கைப் பற்றி மட்டும்தான். அதனால் நானும் மணியை எடுக்க அவசரப்படவில்லை.

ஐப்பசி வரும் நேரத்தில் அவருக்குப் படி ஏறினால் நெஞ்சு அடைத்தது. இங்கே இருக்கும் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். காட்டாமல் தள்ளிப்போடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். அம்மா விடிவதற்கு முன் எழுந்து, புளிசோறு கட்டி, சீட்டை மஞ்சள் பையில் வைத்து, காலை ரயிலுக்குப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். நைனா வூஃபரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு இத ஒரு வழி பண்ணாம நான் எங்கயும் வரல."

"இன்னா வெளயாடறியா? ரயிலு போயிடும்."

"போவட்டும். அடுத்த வாரம் இல்லாமலா போயிடும். ரெண்டு மாசமா உயிர வாங்குது இது. தலைக்குள்ளயே கிர்ருன்னுது. இத வெச்சிகினு நான் அங்க போயி எப்டி படுப்பேன்."

அம்மா கத்தினாள், அழுதாள், பையைத் தூக்கி எறிந்தாள். ரயில் போய்விட்டது. நான் அடுக்களையில் நின்றிருந்தேன். 'மணிதான் நைனா, நான்தான் போட்டேன், கிளம்பு' என்று சொல்ல வேண்டும். ஐந்து வார்த்தை. அடி விழும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் அன்றைக்குச் சாயங்காலம்வரை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை.

மறுநாள் வீட்டில் எவரும் இல்லாதபோது பெட்டியைத் தலைகீழாகத் தூக்கி ஆட்டினேன். மணி உள்ளே சத்தம் போட்டது, வெளியே வரவில்லை. கை வலிக்கும்வரை ஆட்டினேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நைனா கொட்டகையில் பதினோராவது தறிக்கு அடியிலேயே உயிரை விட்டார். தறி ஓடிக்கொண்டே இருந்தது. கால் மட்டும் வெளியே தெரிந்ததால் ரிப்பேர் பார்க்கிறார் என்று இருபது நிமிஷம் எவரும் கூப்பிடவில்லை.

முப்பதாம் நாள் மத்தியானம் அத்தை மகன் ராஜேஷ் பாவா ஆட்டோவில் வந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர் செட். நான் அதற்குள் பெட்டியைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன்.

"குடு பாவா, நானே கழட்டறேன். நீ போயி எலை வாங்கியா."

"நவுரு. மூஞ்ச பாரு, மெக்கானிக்கு."

"இல்ல பாவா, ஷாக் அடிக்கும்."

"பிளக்கே சொருவல, எங்கருந்துடி ஷாக்கு அடிக்கும்? இன்னா, மறுபடி எதுனா பல்லி கில்லி வெச்சிருக்கியா?"

நான் நகர்ந்தேன். பாவா முதலில் பிளக்கைச் சொருகி ஒரு பாட்டைப் போட்டான். மேளம் வந்ததும் கிர்ர்ர். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பாவா பெட்டியின் நான்கு பக்கமும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "உள்ளதான்" என்றான். கோணிமேல் குப்புறப் போட்டுப் பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றினான்.

"மாமா இத ஏற்கெனவே தொறந்திருக்காரு, கம்பெனி சீலு கிழிஞ்சிருக்கு. ஆனா ஒரு ஸ்க்ரூ தலைகூட தேயல பாரு. அவ்ளோ நீட்டா மாட்டியிருக்காரு."

அப்படி அவர் திறந்து நான் பார்த்ததில்லை. பாவா தகட்டை இழுத்து, போன் லைட்டை உள்ளே அடித்தான். அடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எம்மா. இங்க வந்து பாரு."

நான் போட்ட மணி அடியில் கிடக்கவில்லை. காற்று ஓட்டைக்கு நேர் எதிரில், உள்மரத்தில் ஒரு சின்ன ஆணி. ஆணியிலிருந்து சிவப்பு நூலில் மணி தொங்கியது. அதற்குப் பக்கத்தில் மரத்தின்மேல் பென்சிலால் ஏதோ எண் எழுதியிருந்தது.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள். குரல் இறங்கிவிட்டது.

"தொடாத ராஜேசு. செவப்பு நூலு. முடிச்சு. நம்பரு வேற போட்டிருக்கு. எந்தம்பிக்கு செய்வினை வெச்சிருக்காங்க."

"எம்மா, சும்மா இரு."

"ஏண்டா சும்மா இருக்கணும்? நாப்பத்தெட்டு வயசு சாவற வயசா? நல்லா இருந்தவன் ஆசுபத்திரிக்குக் கெளம்புனா இந்தப் பொட்டி புடிச்சு உக்கார வெச்சிச்சுன்னு அனுசுயாவே சொல்லல? பொட்டிக்கு அவ்ளோ தெம்பு எங்கருந்து வந்துச்சு?"

அப்போதுதான் நிர்மலா அக்கா ஒரு தட்டில் வடையோடு வாசலில் வந்து நின்றாள். இந்த முப்பது நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததைவிட அவள் கொண்டு வந்ததுதான் அதிகம். அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொட்டி மண்ணா போவ, கை மரத்துப் போவன்னு சொன்னது ஆரு?"

"பெரிம்மா, அது சண்டையில எப்பயோ சொன்னது."

"சொன்ன மாதிரியே ஆயிடுச்சில்ல. இந்த ஊட்டுக்குள்ள இஷ்டத்துக்கு வந்து போறவ வேற ஆரு இருக்கா? கண்டிகைல சாமி ஆடறவரு கீறாரு. இத அப்டியே துணியில கட்டி அவரு முன்னால வெச்சா, வெச்சவ பேரு அவரே சொல்லுவாரு."

நிர்மலா அக்கா தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். இரண்டு வீட்டுப் பெண்கள் அதற்குள் வாசலில் கூடிவிட்டார்கள். இந்த லைனில் அப்படி ஒரு பேர் வந்துவிட்டால் குழாயடியில்கூட இடம் விட மாட்டார்கள். அவள் பையனோடு எந்தப் பிள்ளையும் விளையாடாது.

நான் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாமி நூல் இல்லை, தறி நூல். முடிச்சு அரிசி மணி அளவுதான் இருந்தது; இரண்டு முனையும் ஒட்ட வெட்டியிருந்தது. தறியில் நீளமாக ஓடும் பாவு நூலில் அறுந்த இழையை அப்படித்தான் முடிவார்கள், ஓடும்போது சிக்காமல் இருக்க. மரத்தின்மேல் இருந்த எண் 12-8. அந்த எட்டு, பானைமேல் சட்டி.

பன்னிரண்டாம் தேதி, எட்டாம் மாதம். நான் மணியைப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கண்டுபிடித்திருக்கிறார். எடுத்து எறியாமல், காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் நான் போட்டதைவிட நன்றாகச் சத்தம் போடும்படி கட்டி, தேதியும் போட்டு மூடியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னை ஷோகேஸையும் ஜன்னல் கொக்கியையும் பிடிக்க வைத்திருக்கிறார். என்னைப் பழிவாங்கவா, பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ளவா, தெரியவில்லை.

அப்படியானால் அந்தத் திங்கட்கிழமை அவர் எதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்?

தேடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பயம். இவ்வளவு சத்தமாகப் பேசும் ஆளுக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கையில் ஒரு சாக்கு இருந்தது, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இதைச் சொன்னால் நான் தப்பித்தேன். நிர்மலா அக்காவும் தப்பிப்பாள். ஆனால் அம்மா முப்பது நாளாக ஒரு பெட்டியைத் திட்டிச் சோறு தின்றுகொண்டிருக்கிறாள். பெட்டி திட்டு வாங்கும், திருப்பிப் பேசாது. அவர் பயந்துபோய்ப் பொய் சொன்னார் என்று தெரிந்தால் அவள் யாரைத் திட்டுவாள்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

நான் கையை உள்ளே விட்டு நூலோடு மணியைப் பிய்த்து எடுத்தேன்.

"நான்தான் கட்டினேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். "இன்னாது?"

"போன புடுங்கி வெச்சாரு இல்ல, அதுக்கு. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு மலையில எடுத்த மணி. சத்தம் வர்ற மாதிரி கட்டி வெச்சேன். நைனாவுக்குத் தெரியாது."

"தொறந்து ஆணி அடிச்சியா நீ?"

"ஆங்."

"நம்பரு?"

"அது கம்பெனில போட்டது."

அத்தைக்கு மூளை வேகமாக வேலை செய்யும். என் கையிலிருந்த நூலைக் காட்டினாள். "இவளுக்குத் தலைமுடியே பின்னத் தெரியாது. பொய் சொல்லி அவள காப்பாத்தறா. எங்க, இந்த முடிச்ச இப்ப போட்டுக் காட்டு."

நூலை இரண்டாக அறுத்து, மணியை உருவிவிட்டுக் கொடுத்தாள். நான் முயன்றேன். ஒரு முடிச்சு விழுந்தது, புளியங்கொட்டை அளவுக்கு. இன்னொன்று போட்டேன், அது இன்னும் பெரியது. வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிர்மலா அக்காவின் தட்டிலிருந்து ஒரு வடை கீழே விழுந்தது.

அம்மா எழுந்து வந்தாள். அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்தவள். என் கையிலிருந்து நூலை வாங்கினாள். பழைய முடிச்சைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டிக்குள் இருந்த எண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் நெசவு வீட்டுப் பெண். அந்த முடிச்சு யாருடைய கை என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எட்டைப் பதினெட்டு வருஷம் பார்த்தவள்.

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

"இவதான் கட்டினா. நான்தான் சொல்லிக் குடுத்தேன் இந்த முடிச்ச, எங்க ஊரு முடிச்சு. பதட்டத்துல வரல." நான் போட்ட முடிச்சுகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, அறுந்த இரண்டு முனையையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினாள். அரிசி அளவில் முடிச்சு விழுந்தது. அத்தையிடம் நீட்டினாள். "பாத்துக்க. ரெண்டும் ஒண்ணா கீதா?"

அத்தை பார்த்தாள். ஒன்றாகத்தான் இருந்தது.

பிறகு அம்மா என்னை அறைந்தாள். காது அடைத்துக்கொண்டது. வாசலில் நின்றவர்களுக்காக அறைந்தாள் என்று நினைத்தேன். இரண்டாவது அறை விழுந்தபோது அப்படித் தோன்றவில்லை. பாவா நடுவில் புகுந்து, "வுடு அத்த, புள்ளதானே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூடு அத" என்றாள் அம்மா. "நிர்மலா, அங்கயே ஏன் நிக்கற. வடைய எடுத்தாந்து எலைல வையி."

பாவா அந்த எண்ணை உள்ளே வைத்தே தகட்டை மூடி ஸ்க்ரூக்களை முடுக்கினான். அத்தை என்னைப் பார்க்காமல், "இந்த மாதிரி ஒரு பொண்ண பெத்ததுக்கு அவன் முன்னாடியே போனான்" என்று சொல்லிக்கொண்டு முட்டை உரிக்க உட்கார்ந்தாள். அதைக் கேட்டுக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் படையல் தயாராகிவிட்டது. நைனா போட்டோவுக்கு முன்னால் பெரிய இலை. எல்லாம் வைத்தாயிற்று. வூஃபரைப் போட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, குங்குமம் வைத்தாள் அம்மா. பாவா போனில் நைனாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தான். கற்பூரம் காட்டும் நேரத்தில் அம்மா உள்ளே போய் மஞ்சள் பையை எடுத்து வந்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அதை எவரும் தொடவில்லை. அதிலிருந்து டாக்டர் எழுதிய சீட்டை எடுத்து, மடிப்பை நீவி, குவார்ட்டர் பாட்டிலுக்கும் பீடிக்கட்டுக்கும் நடுவில் வைத்தாள்.

"இது எதுக்கு அனுசுயா?" என்றாள் அத்தை.

"எடுத்துகினு போவட்டும் அண்ணி. அங்கனா காட்டட்டும்."

படைத்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடும்போது ஆள் இருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாவா பாட்டைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். நாங்கள் வாசலில் உட்கார்ந்தோம். மலைமேல் விளக்குப் போட்டுவிட்டார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து மேளம் வந்தது. தரை நடுங்கியது. நான் என்னை அறியாமல் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது, போனது. கிர்ரு இல்லை. பெட்டி வாங்கின முதல் நாள்போல இருந்தது.

அத்தையும் பாவாவும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கதவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உனுக்கு எப்ப தெரியும்?"

"இன்னிக்குத்தான்மா. தொறந்தப்புறம்."

"ம்."

"உனுக்கு?"

அவள் இடுப்பில் செருகியிருந்த நூலை எடுத்தாள். மணி அதில் இல்லை, நூல் மட்டும். அதைச் சுண்டுவிரலில் சுற்றிச்சுற்றி அவிழ்த்தாள். அறைந்த பக்கம் என் காது இன்னும் சூடாக இருந்தது. அவள் கை வந்து அந்தக் காதை ஒரு முறை மூடிவிட்டுப் போனது.

"நேரமாச்சு அனுசுயா, கதவ தட்டு" என்றாள் அத்தை. "சாப்பிட்டிருப்பான்."

அம்மா எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். உள்ளே அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது.

"இருங்க" என்றாள். "இந்தப் பாட்டு முடியட்டும்."